மாற்ற வேண்டியது: வகுப்பு

ஒருவர் பாடம் எடுப்பதை இன்னொருவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்து, படிவம் நிரப்பித் தர வேண்டும் என்று எங்கள் பள்ளியில் புது உத்தரவு. கணக்கு டீச்சரான எனக்கு வாய்த்தவள் அறிவியல் டீச்சர். என்னைவிட இரண்டு வயது சின்னவள், அதனால் நான் அக்கா. ஆறு வருஷம் கெஞ்சி, இந்த வருஷம்தான் அவளுக்குப் பத்தாம் வகுப்பு கிடைத்திருந்தது.

ஒளிவிலகல் நடத்தினாள். தண்ணீர் டம்ளரில் பென்சிலைப் போட்டு, அது ஒடிந்து தெரிவதைக் காட்டியபோது நானே கழுத்தை நீட்டிப் பார்த்தேன். ஆனால் அந்த இடம் இருக்கிறதே! ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் இரைச்சல், கரும்பலகை முழுக்க வெயில். பாவம், தொண்டை கிழியக் கத்தினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘உடனே மாற்ற வேண்டியது’ என்ற கட்டத்தில் ஒரே வார்த்தை எழுதினேன்: வகுப்பு. மற்ற கட்டங்களில் கோடு இழுத்துவிட்டேன். வளவளவென்று எழுதுவது எனக்குப் பிடிக்காது.

திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் புதுக் கால அட்டவணை. பத்தாம் வகுப்பு அறிவியல் வேறு யாருக்கோ. அவளுக்கு ஆறாம் வகுப்பு. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எப்படித் தலைமையாசிரியை முன் போய் நின்றேன் என்றே தெரியாது.

"நீங்கதானே வகுப்ப மாத்தணும்னு எழுதினீங்க?" என்றார்.

"ஐயோ மேடம், நான் ரூமச் சொன்னேன்!"

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். ‘வகுப்பறை’ என்று எழுதித் தொலைத்திருக்கலாம். அந்த ‘அறை’யை விட்டதற்கு என்னை நாலு அறை அறைய வேண்டும்.

"அவ சண்டை போடலையா மேடம்?"

"இல்லையே. படிவத்தக் காட்டினேன். அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொல்லிட்டுப் போய்ட்டாங்க."

அட்டவணையை இன்றைக்கே திருத்திவிடலாம் என்றார் மேடம். நான் ஆறாம் வகுப்புக்கு ஓடினேன்.

அவள் புத்தகத்தை முகத்தருகே பிடித்துக்கொண்டு, வரி வரியாக வாசித்துக்கொண்டிருந்தாள். மேசையில் டம்ளரும் இல்லை, பென்சிலும் இல்லை. வாசலில் என்னைப் பார்த்ததும் குரல் உள்ளே போய்விட்டது.

"இன்னைக்கும் எழுதப் போறீங்களாக்கா?" என்று கேட்டாள்.