ஆட்டுக்கு மூன்று துளி

என் மகளுக்கு ஆடு என்று பேர் வைத்தவர் என் மாமனார். எங்கள் சீனப் பஞ்சாங்கத்தின் ஆட்டு வருடத்தில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாதாம். "யாங்னு எழுது, அது போதும்" என்று சொல்லிவிட்டுச் சூப் குடிக்கப் போய்விட்டார். யாங் என்றால் ஆடு. ஏழு வருடம் ஆகியும் எனக்கு அந்த எரிச்சல் அடங்கவில்லை.

போயாங் ஏரிக்கரையில் எங்கள் வெய் குலத்தில் இந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் முறை. பேர் எதுவானாலும் அதை எழுதும் ஒற்றைச் சீன எழுத்தின் இடப்பக்கம் தண்ணீரைக் குறிக்கும் மூன்று துளிகள் இருக்க வேண்டும். ஆறு, ஏரி, கடல் என்று எழுதும்போது போடுகிற அதே துளிகள்தான். கொழுந்தனார் மகன்கள் இருவருக்கும் உண்டு. என் மகளுக்கு மட்டும் இல்லை.

இப்போது மகன் பிறந்தான். முப்பதாம் நாள் விருந்தில் மாமனார் குலப் புத்தகத்தை விரித்து, யாங்கின் பேருக்குப் பக்கத்திலேயே ஜியாங் என்று எழுதினார். பேராறு என்று பொருள். துளிகள் மூன்றையும் அழுத்தி அழுத்தி வைத்தார். நான் அடுப்படி வாசலில் விருந்தாளிகளுக்காக முட்டைகளைச் சிவப்புச் சாயத்தில் முக்கிக்கொண்டிருந்தேன்.

யாங் எட்டிப் பார்த்தாள். "தாத்தா, எனக்கு ஏன் மூணு துளி போடல?"

"உனக்கு எதுக்குடி? கட்டிக் குடுத்த பொண்ணு கொட்டின தண்ணி. வேற வீட்டுக்குப் போறவளுக்கு எங்க துளிய வீணாக்கவா?"

பந்தி முழுக்கச் சிரித்தது. என் கணவர் ருய்யும் சேர்ந்து சிரித்தார். யாங் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன் மாமா, அவ தண்ணின்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் துளி எங்க?"

"ஏய், சும்மா இரு. எல்லாரும் பாக்குறாங்க" என்றார் ருய்.

"பாக்கட்டும். நீங்களும் சிரிச்ச வாய மூடிக்கிட்டுப் பாருங்க."

சாயம் சொட்டும் கையோடு போனேன். மகளின் பேருக்கு இடப்பக்கம் விரலை மூன்று முறை அழுத்தினேன். சிவப்பாக மூன்று துளி. ஓசை அதே யாங்தான், ஆனால் ஆடு பெருங்கடலாகிவிட்டது.

"பாவி! குலப் புத்தகத்தையே கெடுத்துட்டியே!" மாமனார் அந்தத் தாளைக் கிழிக்கப் பிடித்தார்.

"கிழிங்க மாமா. நல்லாக் கிழிங்க."

அவர் கை அப்படியே நின்றது. அதே தாளில் ஜியாங்கின் பேர் இன்னும் காயாமல் இருந்தது.