சுருண்ட நுனி

மீன் கைநழுவிப் போனால் ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றங்கரையில் யாரும் ஆகாயத்தைப் பார்த்து அங்கலாய்ப்பதில்லை. தூண்டில் நரம்பின் நுனியைத்தான் பார்ப்பார்கள். நுனி நேராக அறுந்திருந்தால் மீன் பலசாலி, யார்மேலும் குற்றமில்லை. நுனி பன்றிவால் மாதிரி சுருண்டிருந்தால் முடிச்சு உருவிக்கொண்டது என்று அர்த்தம். கட்டினவன் யார் என்பதுதான் அடுத்த கேள்வி.

அந்தக் கேள்விக்கு அங்கே ஒரே பதில்தான். கட்டுகிறவன் கில்லி. பணம் கட்டி மீன் பிடிக்க வரும் விருந்தாளிக்கு இடம் காட்டி, இறகும் பட்டு நூலும் சுற்றிச் செய்த போலி ஈயை நரம்பில் முடிந்து கொடுத்து, சால்மன் மாட்டினால் கைவலையில் ஏந்தித் தருகிற ஆளுக்குக் கில்லி என்று பெயர். விருந்தாளி தானே முடிச்சுப் போட்டுக்கொண்டால் அது கில்லிக்குப் பெரிய தலைகுனிவு. ஊரே ஒரு வருஷத்துக்குச் சொல்லிச் சிரிக்கும்.

ஹெக்டர் கௌ முப்பத்தோரு வருஷமாகக் கில்லி. ஆனால் அந்த வருஷம் சீசனின் கடைசி நாள் வரை ஆற்றங்கரையில் அவன் ஒரு முடிச்சுக்கூடப் போடவில்லை. அது அவனுக்கும் அவன் மனைவி எஃபிக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

ஹெக்டருக்கு இரண்டு கையிலும் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகிவிட்டன. தோலுக்கடியில் கயிறு ஓடுகிற மாதிரி ஏதோ இழுத்தது. நடு விரலும் அந்த வழியில் புறப்பட்டிருந்தது. வெளியே போனால் கையுறையைக் கழற்றவே மாட்டான்.

மார்ச் மாதம் இரண்டு பேரும் சமையலறைக் கதவின் கைப்பிடியில் கொக்கியை மாட்டி, மீன் நிறுக்கும் தராசைக் கட்டி இழுத்து, ஒவ்வொரு முடிச்சாகச் சோதித்தார்கள். ஹெக்டரின் பழைய முடிச்சு ரொம்ப எளிது. நரம்பை ஐந்து சுற்றுச் சுற்றி, நுனியை ஒரு துளையில் விட்டு இறுக்கினால் போதும். மிருதுவான பழைய நரம்பில் அது முப்பது வருஷம் நின்றது. அவன் வேலை பார்த்த எஸ்டேட்டில் புதிதாக வாங்கியிருந்த நரம்போ கண்ணாடி மாதிரி வழுக்கியது. ஒன்பது பவுண்டிலேயே முடிச்சு உருவிக்கொண்டது. நுனியை மறுபடி ஒரு தடவை உள்ளே திருப்பிப் பூட்டுப் போட்டால் நின்றது. அந்தப் பூட்டுத்தான் அவன் விரலுக்கு வரவில்லை. எஃபி போட்டது வேறு முடிச்சு. நரம்பை மடித்து, அந்த மடிப்புக்குள்ளேயே ஆறு சுற்று. அது பதினாறு பவுண்டு வரை தாங்கியது. அதற்கப்புறம் நரம்புதான் அறுந்ததே தவிர முடிச்சு அசையவில்லை.

"உன்னோடத இனிமே கட்டாத ஹெக்டர். அது முடிச்சே இல்ல, வெறும் அலங்காரம்."

அன்றிலிருந்து தினமும் காலையில் படுக்கையில் சாய்ந்தபடி எஃபி ஒரு கெஜ நீள நரம்புத் துண்டுகளில் ஈயைக் கட்டி, மறுமுனையில் வளையம் போட்டுக் கொடுப்பாள். ஆற்றங்கரையில் வளையத்தை வளையத்தில் கோர்ப்பது மட்டும்தான் அவன் வேலை. அதைப் பல்லால் கடித்துக்கூடச் செய்துவிடலாம்.

எஃபி படுத்த படுக்கையாகி ஆறு மாதம். கிறிஸ்மஸ் வரை இருப்பாள் என்று இன்வெர்னஸ் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அந்த வீட்டில், ஆற்று மடுவைப் பார்த்த அந்த ஜன்னலோரத்தில் தன் உயிர் போக வேண்டும். வீடோ வேலையோடு வந்த எஸ்டேட் வீடு. ஜூலைக்குப் பிறகு அந்தத் துறையில் ஒரு மீன்கூட ஏறவில்லை. விருந்தாளிகள் ஒவ்வொருவராக வராமல் நின்றார்கள். எஸ்டேட் மேனேஜர் வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் சொல்லிவிட்டுப் போனான்: செப்டம்பர் முடிவதற்குள் ஆற்றங்கரைக் குடிலில், பிடித்ததையெல்லாம் எழுதி வைக்கிற மீன் புத்தகத்தில் ஒரு மீனாவது ஏற வேண்டும். ஏறினால் இன்னொரு வருஷம் பார்க்கலாம். இல்லாவிட்டால் கில்லி வேண்டாம், நவம்பர் கடைசியில் வீட்டைச் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுவிடுவார்கள்.

செப்டம்பர் முப்பது. சீசனின் கடைசி நாள். முந்தைய இரண்டு நாள் மழையில் ஆறு ஒரு முழம் ஏறி, தேநீர் நிறத்தில் ஓடியது. மீன் வருகிற தண்ணீர். காலையில் எஃபி இரண்டு நரம்பு கட்டி முடித்து, மூன்றாவதைக் கையில் பிடித்தபடியே தூங்கிவிட்டாள். ஹெக்டர் நரம்பையும் இடுக்கியையும் அவள் விரலிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்து, போர்வையை இழுத்துவிட்டான். ராத்திரி முழுக்க வலியில் கிடந்தவளை எழுப்ப அவனுக்கு மனசு வரவில்லை. இரண்டு போதும் என்று நினைத்தான்.

அன்றைய விருந்தாளி டாக்டர் வெடர்பர்ன். எடின்பரோவில் அறுவை சிகிச்சை செய்து ஓய்வு பெற்றவர், எழுபத்தெட்டு வயது. இருபது வருஷமாகக் கடைசி வாரத்துக்கு வருகிறவர்.

"என்ன ஹெக்டர், மீனெல்லாம் ஓய்வு வாங்கிட்டுப் போயிடுச்சா?"

"இல்ல டாக்டர். நீங்க வீசற அழகப் பாத்துட்டு, அந்த மனுஷனுக்கு முதல்ல கத்துக்குடுன்னு எனக்குச் சொல்லி அனுப்பிச்சிருக்கு."

அதற்கேற்ற மாதிரி பத்து மணிக்கு டாக்டர் முதல் ஈயை எதிர்க்கரை மரத்தில் மாட்டி அறுத்தார். மூன்று மணிக்கு இரண்டாவதைப் பின்னாலிருந்த முட்புதரில் விட்டார். ஹெக்டர் அரை மணி நேரம் புதரில் தேடினான். கன்னமெல்லாம் கீறிக்கொண்டதுதான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்து மடுவின் நடுவில் ஒரு சால்மன் முதுகைக் காட்டிப் புரண்டது. வெள்ளி நிறம், கடலிலிருந்து வந்து இரண்டு நாள்கூட ஆகியிருக்காது.

"பாத்தியா! சீக்கிரம் கட்டு, ஹெக்டர்!"

ஹெக்டர் பெட்டியைத் திறந்தான். ஆகஸ்டில் எஃபி செய்த சின்ன ஆரஞ்சு ஈ ஒன்று இருந்தது. கையுறையைக் கழற்றி, டாக்டருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். கொக்கியின் கண்ணில் நரம்பை நுழைக்கவே நாலு தடவை பிடித்தது. எஃபியின் முடிச்சைத் தொடங்கினான், மூன்றாவது சுற்றில் மடிப்பு அவிழ்ந்து போனது. மறுபடி தொடங்கினான், மறுபடி அவிழ்ந்தது.

"குளிர்ல விரல் மரத்துப் போச்சா? குடு, நான் கட்டறேன்." டாக்டர் கையை நீட்டினார். எத்தனையோ உயிர்களைத் தைத்த கை. ஐந்து நொடியில் கட்டியிருப்பார்.

"நீங்க கட்டினா அப்புறம் நான் எதுக்கு டாக்டர்? சூப் சூடு பண்ணவா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சொல்லிவிட்டுத் தன் பழைய முடிச்சையே போட்டான். ஐந்து சுற்று, ஒரு துளை. பூட்டுக்காக நுனியை உள்ளே திருப்பப் பார்த்தான், விரல் போகவில்லை. எச்சில் தொட்டு இறுக்கலாம் என்றால் வாய் வறண்டு கிடந்தது. கட்டி முடித்ததும் கொக்கியைப் பூட்ஸ் வளையத்தில் மாட்டி முழுப் பலத்தோடு இழுத்துப் பார்க்க வேண்டும். முப்பது வருஷமாக அதைச் செய்யாமல் அவன் ஒரு ஈயையும் தண்ணீருக்கு அனுப்பியதில்லை. அன்று இழுத்ததாகப் பேர் பண்ணினான். உருவிக்கொண்டால் மறுபடி அந்த ஆள் முன்னால் கட்ட வேண்டுமே என்ற பயம்.

மூன்றாவது வீச்சில் மீன் ஈயைக் கவ்வியது. கோல் வளைந்தது, ரீல் அலறியது. டாக்டர் அன்று வாழ்நாளில் இல்லாத நிதானத்தோடு மீனைக் கையாண்டார். ஓடவிட்டார், நிறுத்தினார், திருப்பினார். ஹெக்டர் இடுப்பளவுத் தண்ணீரில் வலையோடு நின்றான். பதினாலு பவுண்டு இருக்கும். இருபது நிமிஷம் கழித்து மீன் பக்கவாட்டில் சாய்ந்து, அவன் வலைக்கு ஒரு கை தூரத்தில் வந்தது. அதன் கண்ணைப் பார்த்தான். கடைசியாக ஒரு தடவை தலையை உதறியது.

கோல் நிமிர்ந்துவிட்டது.

ஹெக்டர் நரம்பைத் தாவிப் பிடித்து நுனியைத் தொட்டுப் பார்த்தான். சுருண்டிருந்தது. கைக்குள் மூடிக்கொண்டான். மடங்கின விரல்கள் அதற்கு மட்டும் நன்றாகவே உதவின.

குடிலில் டாக்டர் விஸ்கியைக்கூடத் தொடவில்லை. கண் கலங்கியிருந்தது. "கடைசில நான்தான் அழுத்திப் பிடிச்சிட்டேன். கெழட்டுக் கை. இனிமே தூண்டிலத் தொட மாட்டேன் ஹெக்டர், போதும். உன் மேனேஜர் சொன்னது எனக்கும் தெரியும்." மீன் புத்தகத்தை இழுத்தார். "எப்படியும் பிடிச்சாலும் திரும்பத் தண்ணில விடத்தான் போறோம். வலைக்குள்ள வந்துச்சா இல்லையான்னு யாரு பாத்தா? பதினாலு பவுண்டுன்னு எழுதிடறேன்."

தேதியை எழுதினார். ஹெக்டர் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். வீடு மிஞ்சியிருக்கும், ஜன்னல் மிஞ்சியிருக்கும். ஆனால் தன் தப்புக்கு அந்த மனுஷன் கண்ணீர் விடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவனால் முடியவில்லை.

"நீங்க இல்ல டாக்டர்," என்று கையை விரித்தான், விரிகிற மட்டும்.

டாக்டர் சுருண்ட நுனியைப் பார்த்தார். பிறகு அந்தக் கையைப் பார்த்தார். பிடித்து, உள்ளங்கையில் ஓடிய கயிற்றைக் கட்டைவிரலால் தடவினார்.

"எவ்ளோ நாளா இப்படி?"

"ரெண்டு வருஷம்."

டாக்டர் பேனாவை மூடினார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் ஹெக்டரின் தோளைத் தட்டினார். "இந்தக் கையோட உன்ன ஆத்துல நிக்க வெக்கறது பாவம்பா. மேனேஜர்கிட்ட நானே பேசறேன். மரியாதையா அனுப்பி வைக்கச் சொல்றேன். எஃபியையும் ஆஸ்பத்திரி பக்கமா கூட்டிட்டுப் போயிடலாம். அதான் நல்லது." எழுதின தேதியின் மேல் நேராக ஒரு கோடு போட்டார்.

அவருக்கு நல்ல மனசு. அதில் சந்தேகமே இல்லை.

ஹெக்டர் வீட்டுக்கு வந்தபோது எஃபி தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பல நாளாகக் காணாத நிறம் அவள் முகத்தில் இருந்தது.

"கோல் வளைஞ்சதப் பாத்தேன்! நீ தண்ணில எறங்கறதப் பாத்தேன். அப்புறம் மழை மறைச்சிடுச்சு. எடுத்துட்டியா?"

"எடுத்தோம்," என்றான். புத்தகத்தில் எழுத விடாத பொய் வீட்டுக்குள் சுலபமாக வந்துவிட்டது. "பதினாலு பவுண்டு."

எஃபி கண்ணை மூடித் திறந்தாள். ஜன்னல் திரையின் ஓரத்தில் முப்பது ஈக்கள் வரிசையாகக் குத்தியிருந்தன. ஒவ்வொரு சீசனிலும் கடைசி மீனை எடுத்த ஈயை அவள் கையாலேயே அங்கே குத்தி வைப்பது வழக்கம். அவள் கையை நீட்டினாள்.

"குடு."

ஹெக்டர் நின்றான். சட்டைப் பையில் துழாவினான். அங்கே இருந்தது ஒரு கெஜம் நரம்புதான். அவள் அதையே அவன் கையிலிருந்து உருவி எடுத்தாள். விரலை ஓட்டிக்கொண்டே போய் நுனிக்கு வந்து நின்றாள். சுருளை நீவினாள். விட்டதும் அது மறுபடி சுருண்டுகொண்டது.

"உன்னோட முடிச்சா?"

"ஆமா."

தட்டில் காலையில் பாதியில் விட்ட மூன்றாவது நரம்பு அப்படியே கிடந்தது. அதைப் பார்த்தாள்.

"எழுப்பியிருக்கலாமே, ஹெக்டர்."

"தூங்கட்டும்னு விட்டுட்டேன் எஃபி."

"ம். எப்ப காலி பண்ணணும்?"

"நவம்பர் கடைசி."

நவம்பருக்கும் கிறிஸ்மஸுக்கும் நடுவே எத்தனை வாரம் என்று அவள் விரலை மடக்கி எண்ணவில்லை. எண்ணத் தேவையும் இல்லை.

"கட்டிலத் திருப்பிப் போடு. சுவரப் பாத்த மாதிரி. இப்பவே பழகிக்கறேன்."

ஹெக்டர் கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். விரல்கள் பிடிக்கவில்லை. பிறகு குனிந்து, தோளைக் கொடுத்துத் தள்ளினான்.