முயல் பயந்துவிட்டது

மாப்பிள்ளைக்கு அன்று காலையிலிருந்தே தீனி இறங்கவில்லை. மாப்பிள்ளை என்பது ஒரு முயல். கூப்பிட்டு உபசரித்தால் ஒழியத் தட்டில் வாய் வைக்காது என்பதால் ஆய்வகத்தில் அதற்கு அந்தப் பெயர். மூட்டுவலிக்கென்று ஓர் இலையிலிருந்து எடுத்த சாறு இதயத்தைக் கெடுக்குமா என்று அங்கிருந்த முயல்களிடம்தான் சோதித்தார்கள். சாற்றைப் புகட்டி, கால்களில் கவ்வி மாட்டி, இதயத்துடிப்பைக் கருவி கோடாக வரைவதைக் கவனிப்பது ஆராய்ச்சியாளரான அவளுடைய வேலை.

ஒழுங்காக ஓடிய மாப்பிள்ளையின் கோடு திடீரென்று தடுமாறியது. ஒரு துடிப்பு வந்தது. அடுத்தது வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு வந்தது.

கோடு கோணலாகப் போனால் 'பயந்திருக்கும்' என்று சொல்லி, அந்த முயலை விலக்கிவிட்டு வேறொன்றைப் பிடிப்பது அங்கே வழக்கம். ஆரம்பத்தில் இதில் நியாயம் இருந்தது. சில முயல்கள் தொட்டாலே நடுங்கும். போகப்போக அந்தச் சொல்லே சர்வரோக நிவாரணி ஆகிவிட்டது.

பயந்த இதயம் ஓடும், இப்படி நின்று நின்று நடக்காது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் பின்னால் ஆய்வகத் தலைவர் நின்றார். மருந்தைச் சீக்கிரம் கடைக்குக் கொண்டுவரச் சொல்லி, கம்பெனிக்காரர்கள் அவரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

"இலைதானேம்மா. ஆடு மாடு திங்கறது. முயல் பயந்திருக்கும்" என்றார்.

அவளும் பூம்பூம் மாடுபோலத் தலையாட்டினாள். சாதுவான வேறொரு முயலை வைத்து வேலையை முடித்தாள். மறுநாள் மாப்பிள்ளை கூண்டில் செத்துக் கிடந்தது. அந்தச் சாவும் பயத்தின் தலையிலேயே விழுந்தது.

அவள் கணவர் தையல்காரர். இயந்திரத்தை மிதித்து மிதித்து முழங்கால் தேய்ந்தவர். மனைவியின் படிப்பைப் பற்றித் துணி தைக்க வருபவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்பவர். அந்த வாரம் ஒரு மாலை, துணி வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைத் தடவினார். என்னமோ விட்டு விட்டு அடிக்கிறது என்றார்.

"எதையாவது நினைச்சுப் பயந்திருப்பீங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்தது. ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒரு துடிப்பு. அடுத்தது யோசித்துக்கொண்டு வந்தது. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள்.

அவர் அசடு வழியச் சிரித்து, துணிக்குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு குப்பியை எடுத்துக் காட்டினார். தலைவர் ஆய்வகத்தில் ஆளுக்கொன்றாகக் கொடுத்த சாறு. தான் குடிக்க மனம் வராமல், அலமாரியில் அவள் ஒளித்துவைத்திருந்தது.

"நீதானே பாத்துட்டு ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னே? உன் மருந்தைக் குடிக்க எனக்கென்ன பயம்?"

மருத்துவமனையில் உடனே சேர்த்ததால் பிழைத்துக்கொண்டார். கட்டிலருகே உட்கார்ந்து அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. கட்டியவர் என்றதும் பதறிய மனசு, முகம் தெரியாத நோயாளிகளுக்காக ஒரு நொடிகூடப் பதறவில்லையே! அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அந்த முயலுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் அவள் தலைவர் முன்னால் போய் நின்றாள். சோதனை பொய், மருந்தை நிறுத்துங்கள் என்று கம்பெனிக்குத் தானே சொல்லிவிட்டதாகச் சொன்னாள். அவர் முகம் கறுத்தது. உன் வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே நெஞ்சு பலவீனமாக இருந்திருக்கும், வீணாகப் பயந்திருப்பார் என்றார்.

"அவரும் பயப்படல, முயலும் பயப்படல சார். பயந்தது நீங்களும் நானும்தான். இலைங்கறதுக்காக எதுவும் நல்லதாயிடாது. அந்த வாயில்லா ஜீவன் உசிரை விட்டு ஒண்ணு சொல்லிச்சு. அதை நாம மறைச்சா, அடுத்து மனுஷன் உசிரை விட்டுத்தான் சொல்லணும்."