பதிவாளரின் கைக்குள் ஒரு கை

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, மகளுக்கு ‘அ’ எழுதக் கற்றுக்கொடுப்பதற்காக அவள் கையைப் பிடித்த பத்திரப் பதிவாளரின் வலது கை, மறுவருடத்துக் கோடை மழை ஓயும்வரை அவள் கையை விட்டு வரவில்லை. பசை இல்லை, காயம் இல்லை, வலியும் இல்லை. குழந்தையின் கைமேல் அப்பாவின் கை, பாத்திரத்தின்மேல் மூடியைப் போல, உட்கார்ந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் சீவாத முழுப் பென்சில் ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது. கேள்விப்பட்ட ஊர் ஆச்சரியப்பட்டது உண்மைதான். ஆனால் அந்த வாரம் வெங்காயம் விலை ஏறியதற்குப் பட்ட அளவுக்கு இல்லை.

நடந்தது பதிவாளருக்கு என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் போடும் ஒப்பம் பத்திரத்தின் இடது ஓரத்தில் கிளம்பி, நடுவில் இரண்டு சுற்றுச் சுற்றி, வந்த வழியே அடிக்கோடாகத் திரும்பி, கடைசியில் இரண்டு புள்ளிகளில் முடியும். அந்தப் புள்ளிகள் எதற்கு என்று கேட்கும் துணிச்சல் யாருக்கும் வந்ததில்லை. வீடு வாங்கியவர்கள் வீட்டை மறந்தாலும், அந்த ஒப்பத்தின் மை காயும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதை மறக்கவில்லை. போதாததற்கு, அவரே தொடங்கி அவரே ஆயுட்காலத் தலைவராகவும் இருந்த அழகெழுத்து வளர்ச்சிக் கழகம் மாதம் ஒருமுறை கூடி, இந்தக் காலத்துப் பிள்ளைகளின் எழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கிறது என்று தீர்மானம் போட்டுவிட்டுக் கலையும். தீர்மானத்தைத் தட்டச்சு செய்துதான் வெளியிடுவார்கள். செயலாளரின் எழுத்து அப்படி.

இப்படிப்பட்டவருக்குப் பிறந்த ஒரே மகள், வீட்டில் பட்டாணி என்று அழைக்கப்பட்டவள், கரண்டி, சீப்பு, பக்கத்து வீட்டுப் பையனின் தலைமயிர் என்று எதைப் பிடித்தாலும் இடது கையால்தான் பிடித்தாள். பதிவாளர் அதைச் சளி மாதிரி தானாகப் போய்விடும் ஒன்று என்று நினைத்திருந்தார். ஐந்து வயதாகியும் போகவில்லை. அடுத்த மாதம் பள்ளியில் சேர்க்க வேண்டும். சேர்வதற்குப் பிள்ளை தலைமையாசிரியை முன்னால் உட்கார்ந்து தன் பெயரைத் தானே எழுதிக் காட்ட வேண்டும். கழகத் தலைவரின் மகள் எழுதத் தெரியாமல் திரும்பி வந்தாள் என்றால் கழகம் என்ன ஆவது? அந்தச் செவ்வாய்க்கிழமை, மடியில் உட்காரவைத்ததும் இடது கைக்குப் போன பென்சிலைப் பிடுங்கி வலது கையில் திணித்தார். பீச்சாங்கையால் எழுதினால் எழுத்து பின்பக்கமாக ஓடும் என்று ஓர் ஆராய்ச்சியையும் சொல்லிவைத்தார். பிறகு தன் கையால் அவள் கையை மூடி, அழுத்தி, இழுத்தார். குழந்தையின் விரல்கள் ஒரு பக்கம் போகப் பார்த்தன, விடவில்லை. சீவாத பென்சிலாக இருந்தும் அந்தத் தாளில் ‘அ’ பள்ளமாகப் பதிந்தது. தும்பிக்கையைத் தூக்கிய யானை மாதிரி, அப்படியொரு கம்பீரம். அது குழந்தை எழுதியதல்ல என்பது ஒன்றுதான் குறை. எட்ட நின்று ரசிப்பதற்காகப் பதிவாளர் கையை எடுத்தார். வரவில்லை.

தையற்காரியான அவர் மனைவி, கழுத்தில் அளவு நாடாவோடு வந்து பார்த்தாள். எண்ணெய், சோப்புத் தண்ணீர், ஐஸ்கட்டி எல்லாம் போட்டுப் பார்த்தபின், “சாப்பாடு ஆறுது. முதல்ல அவளுக்கு ஊட்டுங்க. இன்னொரு கை சும்மாதானே இருக்கு” என்றாள். மறுநாள் இரண்டு பேருக்கும் அளவெடுத்து, வலது கைப்பக்கம் தோளிலிருந்து மணிக்கட்டுவரை திறந்து மூடுகிற மாதிரி அழுத்துப் பொத்தான் வைத்துச் சட்டையும் கவுனும் தைத்துக் கொடுத்தாள். அந்த வீட்டில் நடந்த உருப்படியான ஏற்பாடு அது ஒன்றுதான்.

டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, இரண்டு கைகளும் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கின்றன என்று பாராட்டினார். அவர் எழுதிக் கொடுத்த சீட்டை மருந்துக்கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இருமல் மருந்து கொடுத்தார். கை ஒட்டிக்கொண்டதைவிட அந்தச் சீட்டின் எழுத்துதான் பதிவாளரை அதிகம் வருத்தியது. கழகம் அவசரக் கூட்டம் போட்டு, இது கற்பிப்பவரும் கற்பவரும் ஒன்றாகிவிட்ட உன்னத நிலை என்று தீர்மானித்து ஒரு கேடயம் வழங்கியது. இடது கையால் வாங்கிய தலைவர் அதைச் செயலாளரின் காலில் போட்டார்.

பள்ளியில்தான் உன்னத நிலை செல்லுபடியாகவில்லை. தலைமையாசிரியை தாளை வாங்கிப் பார்த்தார். மாட்டிக்கொண்ட பென்சிலோடு ஒரு பேனாவைக் கட்டிப் பதிவாளர் இழுத்து எழுதிய பெயர் அதில் இரண்டு சுற்றும் அடிக்கோடுமாக, புள்ளிகளோடு ஜொலித்தது.

“எழுத்து ரொம்ப நல்லா இருக்கு சார். ஆனா இதை வெச்சு உங்களைத்தான் ஒண்ணாங்கிளாஸ்ல சேர்த்துக்க முடியும்” என்றார்.

கை விடுபட்டதும் கூட்டிவரச் சொன்னார். அடுத்த வருடமும் இப்படியே இருந்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொல்லி அனுப்பினார். வழியெல்லாம் விதிமுறைகளின் குறைபாடுகளைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்த பதிவாளர், தெருமுனையில், சீருடை போட்ட பிள்ளைகள் கூச்சலோடு கடந்து போனபோது பேச்சை நிறுத்தினார். பட்டாணி திரும்பி அவர்களைப் பார்த்தாள். அவள் திரும்பினால் அவரும் திரும்ப வேண்டியிருந்ததால் அவரும் பார்த்தார். பிள்ளைகள் மறைகிறவரை இருவரும் அப்படியே நின்றார்கள். அன்றைக்கு இரவு அவர் சாப்பிடவில்லை.

அந்த வருடம் போயிற்று. பட்டாணி அலுவலகத்தில் பதிவாளர் பக்கத்தில் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, வீடுகளும் நிலங்களும் கைமாறுவதைப் பார்த்தாள். ஒப்பம் இப்போது இரண்டு கைகளிலிருந்து வந்தது. அவர் ஒரு பக்கம் இழுக்க, அவள் ஒரு பக்கம் இழுக்க, பழைய கம்பீரம் படியில் தடுக்கி விழுந்தவர் மாதிரி தாளின் பாதியில் உருண்டது. மேலிடத்திலிருந்து விசாரணைக்கு வந்தவர், ஒப்பம் பதிவாளரின் கையால் இட்டதாக இருக்க வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது, அந்தக் கைக்குள் என்ன இருக்கலாம் என்பதைப் பற்றி விதி ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பகல் பஸ்ஸைப் பிடித்தார்.

யாரும் கவனிக்காத ஒன்று இருந்தது: பட்டாணியின் இடது கை சும்மா இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் பதிவாளர் சாப்பிட்டுவிட்டுப் பாயில் குறட்டை விடுவார். கை மாட்டிக்கொண்ட பட்டாணி பக்கத்தில் விழித்துக்கொண்டு படுத்திருப்பாள். அவளுக்கு எட்டும் தூரத்தில் தையல் மெஷின். அதன் கீழே வெட்டுத் துணிகள், துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டித் துண்டுகள். முதலில் எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி விழுந்தன. பிறகு தாமாகவே நேராயின. மனைவி பார்த்தாள். கறுப்புத் துணியாகப் பார்த்துக் கீழே தள்ளிவிட்டாள். கறுப்பில்தான் சாக்கு நன்றாகத் தெரியும். அந்த மாதங்களில் அவளிடம் கால்சட்டை தைத்துக்கொண்ட சிலர், பையின் உள்பக்கம் ‘ஆ’வோ ‘ஈ’யோ இருக்கக் கண்டு, புதுக் கடைக்குறி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

கோடை மழை தொடங்கியபோது மேலிடத்தின் பொறுமை தீர்ந்தது. மாதக் கடைசிக்குள் தெளிவாக, ஒருவர் கையால் மட்டும் ஒப்பமிட வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் போடுவோம் என்று ஓலை வந்தது. பதிவாளருக்கு மிச்சமிருந்தது இடது கை. ஒரு சனிக்கிழமை மாலை, வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க, பட்டாணியை மடியில் வைத்துக்கொண்டு, ஆயுட்காலத் தலைவர் பீச்சாங்கையில் பென்சிலைப் பிடித்தார். நசுக்கிய கொசு மாதிரி ஏதோ விழுந்தது. இன்னொரு கொசு. மூன்றாவதில் தாள் கிழிந்தது. அவர் தாளைக் கசக்கி எறிந்தார்; கொஞ்ச நேரம் கழித்து, யாரும் பார்க்காததுபோல், அதையே எடுத்து நீவி வைத்துக்கொண்டார்.

பட்டாணி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்ப்பா பென்சில் கழுத்தை நெரிக்கிற? அப்புறம் அது எப்படி நடக்கும்?”

தன் இடது கையை எடுத்து அவர் இடது கைமேல் வைத்தாள். அது அவருடைய இரண்டு விரல்களைத்தான் மூடியது. பதிவாளர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். இருக்கிற ஒரு கையும் போய்விட்டால் சோறு தின்பது எப்படி, முகம் துடைப்பது எப்படி?

“இதுவும் ஒட்டிக்கிச்சுன்னா என்னம்மா பண்றது?”

“நான் பிடிக்கவே இல்லையே. மேலதான் வெச்சிருக்கேன். நீ போ, நான் கூட வரேன்.”

அவர் போனார். வளைவு வந்த இடத்தில் நின்றார், அவளும் நின்றாள். மறுபடி போனார். வயிறு ஒட்டி, வால் நீண்டு, ஒரு பக்கம் சாய்ந்து, ஓர் ‘அ’ வந்து சேர்ந்தது. கழகத்தின் எந்தப் போட்டியிலும் அதற்கு ஆறுதல் பரிசுகூடக் கிடைத்திருக்காது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மெஷினை நிறுத்திய மனைவி, “ஏங்க, மூக்கைச் சொறியிறீங்களே, எந்தக் கை அது?” என்று கேட்டாள். வலது கை. எப்போது விட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. சீவாத பென்சில் தரையில் உருண்டு கிடந்தது. மழையும் அதற்குச் சற்று முன்பே ஓய்ந்திருந்தது.

பள்ளி திறந்ததும் பட்டாணி தலைமையாசிரியை முன்னால் உட்கார்ந்து இடது கையால் தன் பெயரை எழுதினாள். தலைமையாசிரியை அந்தக் கையைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுக்க, பதிவாளர் முந்திக்கொண்டு, “அவளுக்குச் சோத்தாங்கை அதுதான் மேடம்” என்றார். எழுத்து கோழி கிளறியதுபோல்தான் இருந்தது. ஆனால் யாருடைய கோழி என்பதில் சந்தேகம் இல்லை, சேர்த்துக்கொண்டார்கள். கழகம் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுத்து, பழைய தலைவரின் போக்கைக் கண்டித்துத் தட்டச்சில் ஒரு தீர்மானம் அனுப்பியது.

பதிவாளர் இன்றைக்கும் இடது கையால்தான் ஒப்பமிடுகிறார். வெறும் பெயர், சுற்று இல்லை, புள்ளி இல்லை, மை சீக்கிரம் காய்கிறது. ஒரே ஒரு வில்லங்கம், கூட வருகிறேன் என்று சொன்ன கை இன்னும் கூடத்தான் வருகிறது. பள்ளியில் பட்டாணி எழுதும்போதெல்லாம் அலுவலக மேஜையில் அவர் இடது கை தானாக எழுதுகிறது. சாதாரண நாட்களில் சமாளித்துவிடலாம், பரீட்சை நாட்களில் முடியாது. அன்றைக்குப் பத்திரம் பதிய வருகிறவர்களிடம் பியூன் வாசலிலேயே, “பாப்பாவுக்குக் கணக்குப் பரீட்சை, பதினொண்ணரைக்கு மேல வாங்க” என்று சொல்லிவிடுவார். அவர்களும் சரி என்று தலையாட்டிவிட்டு டீக்கடைக்குப் போவார்கள்.

போன பரீட்சையில், பதிவாளரின் கை மேஜைத் தாளில் எழுதிக்கொண்டே போவதைப் பியூன் பின்னால் நின்று பார்த்தார்.

“சார், ஏழும் எட்டும் பதினாறுன்னு போகுதே. சோத்தாங்கையால லேசா பிடிச்சு நிறுத்தக்கூடாதா?”

பதிவாளர் தம் வலது கையைப் பார்த்தார். அது மேஜையின் விளிம்புவரை வந்திருந்தது. அதை எடுத்துச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

“எழுதட்டும்” என்றார்.

இடது கை அடுத்த கணக்குக்குப் போயிற்று. பியூன் வெளியே வந்து, இன்னும் நாலு கணக்கு பாக்கி என்று காத்திருந்தவர்களிடம் சொன்னார்.