முதல் வரியில் செவ்வந்தி

உலகம்மாள் கண்காணிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்த அன்றைக்கு ஊரில் யாருக்கும் பெயர் இல்லாமல் போயிற்று. இதில் வியக்க ஒன்றுமில்லை. மேலச்செங்குளத்தில் ஒரு பெயர் ஓர் ஆண்டுக்குத்தான் செல்லும். ஆடி மாதம் ஊரிருப்புக் காரியாலயத்திலிருந்து ஆளுக்கொரு கடிதம் வரும். "இன்னாராகிய தாங்கள் இன்ன முகவரியில் தொடர்ந்து இருந்துவருகிறீர்கள் என்பது இதனால் உறுதி செய்யப்படுகிறது." அவ்வளவுதான் கடிதம். வந்தவர் இன்னும் ஓர் ஆண்டு இருப்பார். வராதவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசுவதற்குப் பெயர் வேண்டுமே.

கடிதத்தின் வாசகம் எல்லோருக்கும் ஒன்றுதான். பெயரும் முகவரியும் மட்டும் மாறும். கடிதம் உலகம்மாளின் கணினியில் இருந்தது. ஊரார் பட்டியல் காரியாலயத்துக்குப் பொதுவான நெட்வொர்க் டிரைவில் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பொத்தானை அழுத்தினால் போதும், மெயில் மெர்ஜ் பட்டியலிலிருந்து ஒவ்வொருவராக எடுத்து ஒவ்வொரு கடிதத்திலும் வைத்துவிடும். பல ஆண்டுகளாக அவள் பார்த்த வேலை இது. கண்ணை மூடிக்கொண்டு செய்வாள்.

அன்று காலை கடிதத்தைத் திறந்தாள். பட்டியலைக் காணவில்லை என்றது கணினி.

மூடிவிட்டுத் திறந்தாள். அணைத்துவிட்டுப் போட்டாள். வயரைப் பிடுங்கி, சேலைத் தலைப்பில் துடைத்து, மறுபடி செருகினாள். எல்லாக் காரியாலயத்திலும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். டிரைவின் மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி விழுந்திருந்தது. கடிதத்தில் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரே ஒரு பெயர் அப்படியே நின்றது. எத்தனை முறை திறந்தாலும் அதே பெயர்தான்.

செவ்வந்தி.

செவ்வந்தி அவள் மகள். முகவரியும் அவர்கள் வீட்டு முகவரிதான். இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். முன்பல் இரண்டும் விழுந்து இன்னும் முளைக்கவில்லை.

அந்தப் பெயர் அங்கே வந்ததற்குக் காரணம் காரியாலயத்தின் ஒரு வழக்கம். பட்டியலின் உச்சியில் தன் பிள்ளையின் பெயரைச் சேர்த்து ஒரு கடிதம் எடுத்துப் பார்த்த பிறகுதான் ஊருக்கு எடுப்பார்கள். அந்த முதல் பிரதி யாருக்கும் போகாது. சந்தனம் தொட்டு வைத்துக் கோப்பில் சேர்த்துவிடுவார்கள். பிள்ளைக்கு ஆயுசு கெட்டி என்று நம்பிக்கை. பிள்ளைக்கு உரிய கடிதம் தெரு வரிசைப்படி வேறாக வரும். நேற்று மாலை, புது நாற்காலி கிடைத்த பூரிப்பில், உலகம்மாள் செவ்வந்தியை உச்சிக்கு உச்சியாக ஏற்றிவிட்டாள். அங்கே ஏற்கெனவே ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்க்கவில்லை. பூரிப்பில் இருக்கிறவர்களுக்கு எங்கே கண் தெரிகிறது.

அட்டெண்டர் பேச்சிமுத்து எட்டிப் பார்த்தார். நரைத்த மீசைக்காரர். வெற்றிலைக் காவி ஏறிய பெரிய பற்கள்.

"எழுத்து மாறிட்டுல்லா மேடம்" என்றார்.

"என்ன எழுத்து?"

"சங்கரலிங்கம் சார் நேத்து ரிட்டையர் ஆயிட்டாங்க. நீங்க அவங்க சீட்டுக்கு வந்துட்டீங்க. டிரைவெல்லாம் ஒரு எழுத்து மேல ஏறிட்டு."

அது உண்மைதான். அந்தக் காரியாலயத்தில் டிரைவ்களுக்கும் பணிமூப்பு உண்டு. கண்காணிப்பாளருக்கு எச், அடுத்தவருக்கு ஐ, அதற்கடுத்தவருக்கு ஜே. ஒருவர் ஓய்வு பெற்றால் மற்ற எல்லோரும் ஓர் எழுத்து ஏறுவார்கள், லட்டு கொடுப்பார்கள். கடிதத்துக்கு யாரும் லட்டு கொடுக்கவில்லை. அது இன்னும் பட்டியலை ஐயிலேயே தேடிக்கொண்டிருந்தது. ஐயில் இப்போது கேன்டீன் கணக்குதான் இருந்தது.

"புது எழுத்தச் சொல்லிக் குடுத்தா?"

"கேக்காது மேடம். அது பயந்துட்டு. இனிமே எழுத்தே இல்லாம, பட்டியல் இருக்க எடத்துக்கு முழுப் பாதையும் குடுக்கணும்."

"முழுப் பாதை யாருக்குத் தெரியும்?"

"நடந்து பாத்துட்டு வாங்க. சாயங்காலம் தபால் பையக் கட்டிருவேன். அதுக்குள்ள சேக்கலன்னா, கடுதாசில எந்தப் பேரு நிக்கோ அதுதான் எல்லாருக்கும் போகும்."

ஊர் பூராவும் செவ்வந்தி ஆகிவிட்டால் வீட்டில் இருக்கிற செவ்வந்தி என்ன ஆவாள்? உலகம்மாளின் கணவன் துபாயில் இருந்தான். அவன் இருப்பை அங்குள்ள காரியாலயம் பார்த்துக்கொண்டது. இங்கே அவளுக்கு இருந்தது அந்த ஒரு பிள்ளைதான்.

பட்டியல் கிடக்கும் சர்வர் அறை வராந்தாவின் கோடியில் இருந்தது. வராந்தா அன்று கொஞ்சம் நீண்டிருந்தது. அவள் நடக்க நடக்க ஜன்னலில் அதே வேப்பமரம் திரும்பத் திரும்ப வந்தது. பக்கத்து சீட்டுக்காரி ஆவுடைத்தங்கம் உட்காரும் மேசையில் பெயர்ப்பலகை வெறுமையாக இருந்தது. நாற்காலியில் ஒரு பச்சை ஸ்டேப்ளர் இருந்தது. ஸ்டேப்ளர் வணக்கம் சொன்னது. உலகம்மாளும் சொன்னாள். பதினோரு மணி டீயை அவளோடு எத்தனையோ நாள் பங்கு போட்டுக் குடித்திருக்கிறாள், பார்க்காத மாதிரி போக முடியுமா?

சர்வர் அறைக்குள் 'பொது' என்று ஓர் அறை இருந்தது. அதற்குள் 'பழையது'. பழையதற்குள் 'புதியது'. அதற்குள் 'புதியது இரண்டு'. பிறகு 'இதுதான் சரி'. பிறகு 'இறுதி'. இறுதிக்குள் 'உண்மையான இறுதி'. ஒவ்வொரு கதவும் முந்தைய கதவைவிடச் சிறியது. குனிந்தாள், பிறகு தவழ்ந்தாள். கோப்புறைகளுக்கு இந்தப் பெயர்களையெல்லாம் வைத்தவள் அவள்தான். ஆண்டுக்கொரு தடவை அவசரத்தில் வைத்தது. ஒருநாள் தானே உள்ளே தவழ்ந்து போக வேண்டிவரும் என்று அப்போது நினைத்திருப்பாளா?

கடைசிக் கதவில் 'தொடாதே' என்று இருந்தது. தொட்டுத் திறந்தாள்.

உள்ளே ஊர் நின்றது. பால்காரர், பள்ளிக்கூடத்து டீச்சர், எதிர்வீட்டு மிலிட்டரிக்காரர், எல்லோரும். தரையில் கட்டம் போட்டிருந்தது. கட்டத்துக்கு ஓர் ஆள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். எல்லோருக்கும் முன்னால், முதல் வரியில், யூனிபாரமும் புத்தகப் பையுமாகச் செவ்வந்தி நின்றாள்.

"எம்மா, கால் வலிக்கு. உக்காரட்டா?"

கட்டத்தில் உட்கார இடமில்லை. உலகம்மாள் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். கை இம்மியும் அசையவில்லை. சுவரில் வரைந்த கையைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது.

"இழுக்காத. படிக்க மட்டுந்தான்."

கதவோரம் ஸ்டூலில் சங்கரலிங்கம் சார் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் நேற்றுப் போட்ட மாலை. அது வாடவில்லை.

"சார், நீங்க நேத்தே போயிட்டீங்கல்லா?"

"போயிட்டேன். நீ பிள்ளையச் சேத்த பொறவு பட்டியலக் கடைசியா ஒரு தடவ திறந்து பாத்தேன், மூட மறந்துட்டேன். நான் திறந்து வச்சிருக்கது வரைக்கும் வேற யாரும் இதுல ஒரு புள்ளிய மாத்த முடியாது."

"இப்ப மூடுங்களேன்."

"ரிட்டையர் ஆனவன் எப்பிடிம்மா மூடுவான்? அதிகாரம் இல்லல்லா."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"சரி சார். பாதை தெரிஞ்சிட்டு. நான் கடுதாசியச் சேத்துக்கிடுதேன்."

"சேத்துக்கோ. தலைப்பு எங்க?"

"எந்தத் தலைப்பு?"

"முதல் வரில பெயர், முகவரின்னு தலைப்பு இருந்துச்சு. அத அழிச்சிட்டு அங்கன உம் பிள்ளைய நிக்க வச்சிருக்க. எது பேரு, எது தெருன்னு கடுதாசிக்கு எப்பிடித் தெரியும்?"

"திரும்ப எழுதிருதேன் சார்."

"படிக்க மட்டும்."

"வேற வழி?"

"ஒண்ணு இருக்கு. முதல் வரியத் தலைப்பா வச்சுக்கிடலாம். இந்தா, இந்தக் கட்டத்துல ஒரு டிக் போடு. ஊர்ல எல்லாருக்கும் அவங்கவங்க பேரே போயிரும்."

"செவ்வந்தி?"

"தலைப்பா இருப்பா."

"தலைப்புக்குக் கடுதாசி வருமா?"

"அது எங்க வரும்? தலைப்பு ஆளில்லயே."

"தெரு வரிசைல அவ பேரு தனியா இருக்கே சார். நானே பாத்தேனே."

சார் கடைசித் தெருவைக் கை காட்டினார். அங்கே உலகம்மாளின் சாயலில் ஒருத்தி நின்றாள். அவள் பக்கத்துக் கட்டம் காலியாக இருந்தது.

"அவ இங்க நிக்கால்லா. ஒருத்தி ரெண்டு எடத்துல எப்பிடி நிப்பா?"

டிக் போடவேண்டிய கட்டம் அவள் விரலுக்கு அடியில் வந்து நின்றது. அவள் விரலை நகர்த்தினாள். கட்டமும் நகர்ந்தது. ஊர் அவளைப் பார்த்தது. பால்காரர் வாயைத் திறக்காமல் கண்ணாலேயே கும்பிட்டார்.

"டிக் போடலன்னா சார்?"

"பை கட்டுனதும் பட்டியல் தானா மூடிரும். எல்லாரும் வீட்டுக்குப் போயிருவாங்க. உம் பிள்ள ஆளா இருப்பா. மத்தவங்களும் உம் பிள்ளயா இருப்பாங்க."

உலகம்மாள் யோசிக்கவே இல்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஊர் எப்படிப் போனால் என்ன, பிள்ளை பிள்ளையாக இருக்கவேண்டும். எத்தனை செவ்வந்தி வந்தாலும் தன் செவ்வந்தியைத் தனக்குத் தெரியாதா? கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

ஊர் கண்ணை மூடிக்கொண்டது. திரும்பிப் போக வராந்தா ஓர் எட்டுதான் இருந்தது.

பிரிண்டர் பக்கத்தில் பேச்சிமுத்து காத்திருந்தார். "எத்தன எடுக்க மேடம்? பட்டியல் இல்லாததால மெஷினுக்கு எண்ணிக்கை தெரியலயாம். நீங்களே சொல்லணுமாம்."

"ஊர்ல எத்தன தலையோ அத்தன."

மெஷின் ஓடியது. செவ்வந்தி, செவ்வந்தி, செவ்வந்தி என்று ஓடியது. முதல் பிரதியைப் பேச்சிமுத்து தனியே எடுத்தார். சந்தனம் தொட்டு வைத்தார். கோப்பில் சேர்த்தார். வழக்கமாகச் செய்வதுதான். உலகம்மாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அவள் வீடு கடைசித் தெருவில் கடைசி வீடு. ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தாள். செவ்வந்தி அங்கே இருந்தாள். சப்பணமிட்டு உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தாள். உலகம்மாளுக்கு உயிர் திரும்பி வந்தது.

"எம்மா, கால் இன்னும் வலிக்கு."

அடுப்பில் சோற்றுக்கு வைத்துவிட்டு வந்து, தேங்காயெண்ணெயைக் கையில் ஊற்றிப் பிள்ளையின் காலைத் தேய்த்துவிட்டாள். கால் சூடாக இருந்தது, அசைந்தது. தேய்த்துக்கொண்டே ஜன்னலைப் பார்த்தாள். பேச்சிமுத்துவின் சைக்கிள் எதிர்வீட்டில் நின்றது. மிலிட்டரிக்காரர் கடிதத்தை வாங்கிப் படித்தார். பிறகு தலைக்குப் பின்னால் கைவிட்டுச் சடையைத் தேடினார். சடை இல்லை. உதடு பிதுங்கியது.

உலகம்மாள் ஜன்னலைச் சாத்தினாள். கதவு தட்டும் சத்தம் கேட்டது.

பேச்சிமுத்து கடிதத்தை நீட்டினார். "இந்தா எம்மா."

அவர் அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அவர் சிரித்தார். முன்பல் இரண்டும் இல்லை. காலையில் இருந்தன.

"ஒண்ணுதான் இருக்கு" என்றாள் உலகம்மாள். "இந்த வீட்டுல நாங்க ரெண்டு பேரு."

"ஒண்ணு கோப்புக்குப் போயிட்டுல்லா எம்மா."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒவ்வோர் ஆண்டும் உச்சியில் கூடுதலாகச் சேர்த்த பெயர்தான் கோப்புக்குப் போகும், ஊருக்குக் குறையாது. இந்த ஆண்டு ஊர்த் தலையைத்தான் எண்ணினாள். கோப்பை எண்ணவில்லை. ஒரு கடிதம் குறைந்துபோனது. அது கடைசித் தெருவின் கடைசி வீட்டில் வந்து குறைந்தது.

கடிதம் அவள் கையில் இருந்தது. வைத்துக்கொண்டால் அவளும் செவ்வந்தி ஆவாள். பிள்ளை இல்லாமலே போய்விடுவாள். திரும்பி, எண்ணெய்க் கையோடு, கடிதத்தைப் பிள்ளையின் மடியில் வைத்தாள்.

செவ்வந்தி எழுத்துக்கூட்டிப் படித்தாள். "செவ்... வந்... தி... யா... கி... ய... தாங்... கள்." படித்து முடித்துச் சிரித்தாள். பிறகு எழுந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். அடுப்படியை எட்டிப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள்.

"எம்மா?" என்றாள்.

"இங்கன இருக்கேம்ல கண்ணு" என்றாள் உலகம்மாள். சத்தமாகத்தான் சொன்னாள்.

தெருவில் காலடிச் சத்தம் கேட்டது. ஊர் வந்துகொண்டிருந்தது. பால்காரர் வந்தார், டீச்சர் வந்தார், மிலிட்டரிக்காரர் தட்டோடு வந்தார். கடிதம் வாங்கிய எல்லோரும் இந்த வாசலுக்குத்தான் வந்தார்கள். வேறு எங்கே போவார்கள், கடிதத்தில் இந்த முகவரிதானே இருக்கிறது.

"எம்மா, பசிக்கு" என்றது ஊர்.

"வாரேன், வாரேன்" என்று உலகம்மாள் வாசலுக்கு ஓடினாள். பேச்சிமுத்து அவளுக்கு ஊடாக அடுப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வந்தி நிலைப்படியில் வந்து நின்றாள். "எங்கம்மயப் பாத்தீங்களா?"

"பாக்கலயே. நாங்களும் அவங்களத் தேடித்தான் வந்தோம்" என்றார் மிலிட்டரிக்காரர். அவர் அழ ஆரம்பித்தார்.

"உள்ள யாரு இருக்கா?" என்று கேட்டார் டீச்சர்.

"யாரும் இல்ல. சோறு மட்டும் தானா வெந்துக்கிட்டு இருக்கு."

உலகம்மாள் மகளின் தலையைத் தடவினாள். செவ்வந்தி பின்னால் திரும்பிப் பார்க்காமல், ஈயை ஓட்டுவது போல் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.