தறிகள் நின்ற பொழுது

கமண்டல நாகநதியின் மணலைப் பகலெல்லாம் சுட்டுத் தீர்த்த பங்குனிக் கதிரவன் மேற்கே சாய்ந்து, ஆரணியின் ஓட்டுக் கூரைக்கும் மாடி வீட்டுக்கும் வேறுபாடு பாராது பொன் பூசிக்கொண்டிருந்த பிற்பகல் அது. சாயம் தோய்ந்த பட்டு நூற்கழிகள் கொடிகளில் உலர, நெசவாளர் தெருவின் வீடுதோறும் விசைத்தறிகள் காது அடைக்க முழங்கிக்கொண்டிருந்தன. அத்தெருவார் தறியை ஒருசேர நிறுத்துவது ஒன்றே ஒன்றுக்குத்தான். தம்மவர் ஒருவர் மாண்டால், பாடை தெருமுனை தாண்டும்வரை ஒரு வீட்டிலும் தறி ஓடாது. போகிறவர் எங்களவர் என்று அவ்வமைதி ஊருக்குச் சொல்லும்.

அன்று மாண்டவன் துரைக்கண்ணு. தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளான பாவில், பழைய பாவின் முனையோடு புதிய பாவின் முனையை இழை இழையாகத் திரித்து இணைக்கும் தொழிலுக்கெனப் பெரணமல்லூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து இளமையிலேயே வந்து, தெருவின் பின்சந்தில் குடியிருந்து, அத்தெருவின் தறிகளிலேயே விரல் தேய்ந்து நரைத்தவன், குலத்தால் வேற்றவன். அவன் கை பட்ட பாவில் நெய்த புடவையை உடுத்தி மணவறை ஏறலாம். அவனை நம்மவன் என்று சொல்ல மட்டும் நாக்கு எழாது. அடடா, என்ன நீதி இது!

அவன் மனைவி காசியம்மாள் அன்று காலையிலேயே தறிக்காரன் குமரேசன் வாசலில் வந்து நின்றாள்.

"தம்பி, காசு பணம் கேக்க வரலீங்க. 'நான் போறப்போ இந்தத் தெருவு தறிய நிறுத்தும் பாரு'ன்னு எங்க வூட்டுக்காரரு சொல்லிகினே இருப்பாரு. நீங்க ஒருத்தராவது நிறுத்துவீங்களா?"

முந்தாநாள் வரை தன் தறிக்குப் பாவு இணைத்த விரல்களை எண்ணிக் கலங்கிய குமரேசன், "நிறுத்தறேம்மா. அழாம போ" என்றான். அதை மெய்யாகவே சொன்னான்.

உச்சிப்பொழுதில் தெருப் பெரியவர் பழனி வந்தார்.

"இன்னா குமரேசா, வாக்கு குடுத்துட்டியாமே?"

"பாவம் மாமா. நம்ம வூட்டுலயே கெடந்தவரு."

"பாவம்னா மாலை போடு, யாரு வாணாங்கறது? தறி நின்னா அவன் நம்ம ஆளுன்னு ஆயிடும். அடுத்த மாசம் உன் பொண்ணு காவ்யாவுக்கு நிச்சயம். தெருவுல நாலு பேரு வந்து நிக்க வாணாவா? யோசிச்சிக்கோ."

பெண்ணைப் பெற்றவனுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டுவதில்லை. ஆற்றிலொரு காலும் சேற்றிலொரு காலுமாகத் தவித்த குமரேசன், வாசலை ஒட்டிய தறியறையில், தறிகளுக்கு மின்சாரம் விடும் விசைப்பிடியின் அருகே நின்று, நிறுத்தவும் மாட்டாமல் அகலவும் மாட்டாமல் வியர்த்துக்கொண்டிருந்தான்.

பறை முழங்கப் பாடை தெருவுக்குள் திரும்பியது. தறிகளின் இரைச்சல் பறையை விழுங்கியது. பாடையின் பின்னே தலைவிரி கோலமாய் வந்த காசியம்மாள், வீட்டுக்கு வீடு நிமிர்ந்து பார்த்து, ஏமாந்து, குனிந்து நடந்தாள். தெருவின் நடுவே அவள் வந்தபோது, சொல்லி வைத்தாற்போல எல்லாத் தறிகளும் ஒருசேர ஓய்ந்தன.

அவள் திகைத்தாள், பிறகு அலறினாள்.

"நிறுத்திட்டாங்க! எல்லாருமே நிறுத்திட்டாங்க! மோளத்த நிறுத்துங்கப்பா, அவரு கேக்கட்டும். யோவ், கேக்குதாய்யா? தெருவே உனக்காகத் தறிய நிறுத்திட்டுது!"

பறை நின்றது. சுமந்தவர்கள் பாடையை இறக்கினர். குமரேசனோ மேலே நோக்கினான். விளக்கு அணைந்திருந்தது, மின்விசிறி ஓய்ந்துகொண்டிருந்தது. மின்னோட்டம் போயிருந்தது, அவ்வளவே. அது எல்லா வீட்டாருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இப்போதேனும் விசைப்பிடியைத் தாழ்த்திவிட்டால், மின்னோட்டம் திரும்பினாலும் தன் தறிகள் ஓடா. பொய்யாய் வந்த அமைதியைத் தன் அளவிலாவது மெய்யாக்கலாம். கை எழுந்தது. எதிர்வாசலில் பழனி நின்றிருந்தார். அவர் இவன் கையையே பார்த்தார். எழுந்த கை இறங்கியது.

காசியம்மாள் அவன் வாசலுக்கே வந்து கைகுவித்தாள். "வாக்கக் காப்பாத்திட்ட சாமி. உன் பொண்ணு தீர்க்காயுசா இருக்கணும்."

அந்த வாழ்த்து முடியுமுன் அவன் தலைக்குமேல் விளக்கு எரிந்தது. அவன் தறிகள் அவள் கண்ணெதிரே அதிர்ந்து ஓடத் தொடங்கின. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று தெரு முழுதும் மீண்டும் முழங்கியது. அவள் விளக்கைப் பார்த்தாள். தறியைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ஓ, கரண்ட்டா" என்றாள்.

குவித்த கையைப் பிரித்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினாள். "மோளத்த அடிங்கப்பா. தூக்குங்க" என்றாள். அதன்பின் அவள் அழவில்லை.

காவ்யாவின் நிச்சயத்துக்குத் தெருவே திரண்டு வந்து, வயிறார உண்டு, வாயார வாழ்த்திச் சென்றது. ஐப்பசி மழையில் குமரேசனைப் பெற்றவள் இறந்தாள். கொள்ளிச்சட்டி ஏந்தி அவன் முன்னே நடக்க, தெருவின் தறிகளெல்லாம் முறைப்படி நின்றன. எத்துணைப் பெரிய மதிப்பு! ஆயினும் தெருவின் நடுவே, துரைக்கண்ணுவின் பாடை இறங்கிய அதே இடத்தில், அவன் கால்கள் தாமாக நின்றன. கண்கள் அடுத்த வீட்டு முகப்பு விளக்கைத் தேடின.

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் அவன் நெஞ்சு நம்பவில்லை. அன்பைச் சொல்ல அத்தெருவுக்கு இருந்தது ஒரே ஒரு மொழி. அதில் ஒருமுறை பொய்யுரைக்க உடன்பட்டவனுக்கு, தன் தாய்க்காக அது மெய்யுரைத்த நாளிலும் காது கேளாமலே போயிற்று.