வடமேற்கு மூலைத் தானியம்

மாலை நாலரை மணி. ஐந்துக்குள் கட்டுரை ஆய்விதழுக்குப் போயாக வேண்டும். அனுப்ப வேண்டிய ஆராய்ச்சி மாணவியோ ஆய்வகத் தொட்டியில் குனிந்து வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள்.

"போன வருஷம் தின்னதுடி. இப்பவா வெளிய வரும்?" என்றாள் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் அக்கா.

"சிரிக்காதீங்கக்கா. குமட்டுது."

தின்றது ஒரு கரிந்த பார்லி மணி. மூவாயிரம் வருடப் பழசு. அகழாய்வுக் குழியின் வடமேற்கு மூலையிலிருந்து எடுத்த அன்று பேராசிரியர் பத்திரிகைக்காரர்கள் முன்னால் ஒன்றைக் கடித்து, "ஆதி உழவனோட ருசி" என்றார். அவள் வாயிலும் ஒன்றைப் போட்டார். படம் நன்றாக விழுந்தது.

முடிவும் நன்றாக விழுந்தது. சாணமும் மூத்திரமும் ஊறிய மண்ணில் விளைந்த தானியத்தில் நைட்ரஜனின் கனமான ஐசோடோப்பு தூக்கலாக இருக்கும். வடமேற்கு மூலைத் தானியத்தில் அது எக்கச்சக்கம். அந்தக் காலத்திலேயே மாடு கட்டி எரு போட்டிருக்கிறார்கள் என்று பேராசிரியர் தலைகால் புரியாமல் ஆடினார். கட்டுரையில் முதல் பெயர் அவளுடையது. அது வெளிவந்தால்தான் முனைவர் பட்டம்.

மற்ற மூன்று மூலைகளிலும் எருவின் வாடையே இல்லை. அது அவளை உறுத்தியது. கழுவினால் மணி உடையும், அப்படியே அளந்துவிடு என்று அவர் சொல்லியிருந்தார். மிச்சமிருந்த மணிகளை அவள் கழுவினாள். அமிலம், காரம், மறுபடி அமிலம். இன்று மெஷின் சொன்னது: கனமான நைட்ரஜனெல்லாம் கழுவிய தண்ணீரோடு போய்விட்டது. உள்ளே விளைந்ததல்ல, மேலிருந்து ஊறியது.

அந்த மூலையைத்தான் கடைசியாகத் தோண்டினார்கள். அதுவரை அங்கே நிழலுக்கு ஒரு தார்ப்பாய் தொங்கியது. "குழி தோண்டவே காசில்ல, கக்கூஸ் ஒரு கேடா?" என்று பேராசிரியர் கேட்ட நாள்முதல் ஆண்கள் அதன் பின்னால்தான் ஒதுங்கினார்கள். பெண்கள் பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் கிடந்தார்கள். வெயில் ஏறினால் அந்தப் பக்கம் மூக்கைப் பொத்தாமல் போக முடியாது. நாற்றம் மேல்மண்ணோடு போய்விடும் என்று அவள் நம்பியிருந்தாள்.

பேராசிரியர் கேக்கோடு வந்தார். கட்டைவிரலிலிருந்த கிரீமை நக்கியபடி திரையைப் பார்த்தார். நக்குவது நின்றது.

"வெளிய யாருக்காவது காட்டினியா?"

"இல்ல சார்."

"உடைஞ்ச மணி, கணக்குல வராது. அனுப்பிடும்மா."

"சார், அது மூத்திரம்."

"எருவுலயும் அதுதானே இருக்கு? யாரோடதுன்னு மெஷின் சொல்லுமா?"

"சொல்லாது."

"அப்புறம் என்ன? மூணு வருஷ உழைப்பு. உன் பட்டத்தை நீயே சாக்கடையில போடாத." அதே விரல்களால் அவள் தோளைத் தட்டினார்.

அக்கா இப்போது சிரிக்கவில்லை. மாணவி தோளைத் துடைத்துக்கொண்டாள். கட்டுரையைத் திறந்து தன் பெயரை அழித்தாள். விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"முதல் பேர் எனக்கு வேணாம் சார். அது யாரோட மூத்திரமோ, அவங்க பேரையே போட்டுக்குங்க."